தடுக்கிற நரம்பு: என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

செங்கோட்டையில வீட்டு மாடியில நர்சிங், பிசியோதெரபி படிக்கிற பிள்ளைங்களுக்கு சாயங்காலம் பிசியாலஜி எடுக்கேன். பாதிப்பேரு புளியரை, தென்காசிப் பக்கம், மீதி ஆரியங்காவு, தென்மலையில இருந்து பஸ் ஏறி மலை இறங்கி வர்ற மலையாளப் பிள்ளைங்க. அவங்க "டீச்சரே"ம்பாங்க, நம்ம பிள்ளைங்க "மிஸ்"ஸும்பாங்க, ஆனா இன்ஹிபிஷன், அதாவது ஒரு நரம்பு இன்னொண்ண அடக்குற பாடம் வந்துட்டா ரெண்டு பாஷையிலயும் வர்ற கேள்வி ஒண்ணுதான். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தொண்டைத்தண்ணி வத்த கத்துறதுக்கு ஒருதடவ எழுதி வச்சுட்டா போன்ல அனுப்பி விட்ரலாம்லா, அதான் இது.

நரம்போட வேலை செய்தி கடத்துறது. அதுல தடுக்கிறதுக்குன்னு தனியா ஒரு நரம்பு எதுக்கு?

மேஜையில உக்காந்து காலைத் தொங்கப் போடுங்க. முட்டிச்சில்லுக்குக் கீழ சுத்தியலால லேசா தட்டினா கால் முன்னால எத்தும், இத எல்லாரும் பாத்திருப்பீங்க. அடுத்த தடவ தட்டும்போது பின்தொடையில கைய வச்சுப் பாருங்க, அங்க தசை இறுகாம தொளதொளன்னுதான் இருக்கும். முன்தொடை சுருங்குற அதே நேரத்துல பின்தொடையும் இழுத்துப் பிடிச்சா ரெண்டு பேர் ஒரே கதவ ஆளுக்கொரு பக்கம் தள்ளுற கதைதான், கால் அசையாது. அதனால முன்தொடையில இருந்து தண்டுவடத்துக்குள்ள போற சென்சரி நரம்பு உள்ள போனதும் கிளை பிரியுது, ஒரு கிளை முன்தொடையோட மோட்டார் நியூரான, அதாவது தசைய இயக்குற நரம்பு செல்ல, நேரடியா தூண்டும், இன்னொரு கிளை நடுவுல இருக்கிற ஒரு சின்ன நியூரான எழுப்பி விடும், அந்தச் சின்னது போயி பின்தொடையோட மோட்டார் நியூரான் மேல கிளைசின்னு ஒரு கெமிக்கல விட்டு அத அடக்கி வைக்கும். அதாவது பின்தொடை தானா சும்மா இருக்கல, ஒருத்தன் மெனக்கெட்டு அத சும்மா இருக்க வைக்கான். இத ரெசிப்ரோக்கல் இன்ஹிபிஷன்னு தெளிவா விளக்கினவர் செரிங்டன், 1932ல நோபல் வாங்கினவரு.

இதுல இன்னொண்ணு, நம்ம கைகால் தசைக்கு நேரடியா "சுருங்காத"ன்னு சொல்ற நரம்பு ஒண்ணுகூட கிடையாது, அடக்குறது எல்லாம் தண்டுவடத்துக்குள்ள மோட்டார் நியூரான் மட்டத்துலயே முடிஞ்சிரும். நண்டுக்கு அப்படி இல்ல, அதோட தசைக்கே ஒரு தூண்டுற நரம்பும் ஒரு தடுக்கிற நரம்பும் தனித்தனியா வரும். நண்டுக்காலப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும், குழம்பு வைக்கும்போது கூட.

சரி, ஒரு நியூரான் இன்னொண்ண எப்படித்தான் தடுக்குது? வயர அத்து விடுதா?

இல்ல. அனுப்புற பக்கம் நடக்குறது தூண்டுற நியூரான்ல நடக்குற அதேதான்: ஆக்ஷன் பொட்டன்ஷியல்ங்கிற மின் சிக்னல் நுனிக்கு வருது, கால்சியம் உள்ள நுழையுது, குட்டிப் பைங்க சவ்வோட ஒட்டி உடைஞ்சு கெமிக்கல் இடைவெளியில கொட்டுது. வித்தியாசம் வாங்குற பக்கம் என்ன சேனல் (சார்ஜ் உள்ள அயனி போற ஓட்டை) திறக்குதுங்கிறதுல இருக்கு. வாங்குற நியூரான் சும்மா இருக்கும்போது உள்பக்கம் சுமாரா மைனஸ் 70 மில்லிவோல்ட், அது மைனஸ் 55 கிட்ட ஏறினா வெடிக்கும், அதாவது சிக்னல் அனுப்பும். தூண்டுற கெமிக்கலான குளுட்டமேட் வந்தா சோடியம் உள்ள வந்து வோல்டேஜ் மேல ஏறும். தடுக்கிற கெமிக்கலான காபாவோ கிளைசினோ வந்தா குளோரைடு சேனல் திறக்கும், குளோரைடு நெகட்டிவ் சார்ஜ், அது உள்ள வந்தா வோல்டேஜ் இன்னும் கீழ இறங்கும், இல்லாட்டி மைனஸ் 70லயே பிடிச்சு நிறுத்தி வைக்கும். இந்த இறக்கத்துக்குத்தான் ஐபிஎஸ்பின்னு பேரு, சில பத்து மில்லிசெகண்டுல முடிஞ்சிரும்.

வோல்டேஜ் இறங்கவே இல்லன்னாலும் தடுப்புன்னு புக்ல போட்டிருக்கே, அது எப்படி மிஸ்?

அதிகமா மார்க் போற இடம் இதுதான், கொஞ்சம் மெதுவாப் படிங்க.

புளியரையில வயக்காடு பாத்திருப்பீங்கல்லா. ஒரு வயல்ல முழங்கால் பாதி தண்ணி நிக்குதுன்னு வச்சுக்கிடுங்க, வரப்பு அதுக்கு மேல ஒரு சாண் உசரம். வாய்க்கால்ல இருந்து தண்ணி வந்து வரப்பத் தாண்டி வழிஞ்சா அதுதான் நியூரான் வெடிக்கிறது. இப்ப வரப்புல ஒரு மடை இருக்கு, அதோட அடிமட்டம் சரியா இப்ப தண்ணி நிக்கிற மட்டத்துலயே இருக்கு. மடையத் திறந்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, தண்ணி அப்படியே நிக்கும், பாக்கிறவன் மடை அடைச்சிருக்குன்னுதான் நினைப்பான். ஆனா இப்ப வாய்க்கால்ல தண்ணிய விட்டுப் பாருங்க, வர்ற தண்ணி எல்லாம் மடை வழியா போயிட்டே இருக்கும், மட்டம் ஏறவே ஏறாது, வரப்பத் தாண்டுற பேச்சே இல்ல. குளோரைடு சேனல் பல நியூரான்ல செய்யுறது இதத்தான். குளோரைடு எந்த வோல்டேஜ்ல உள்ளயும் போகாம வெளியயும் வராம நிக்குமோ அது சுமாரா மைனஸ் 70, மைனஸ் 75, கிட்டத்தட்ட நியூரான் சும்மா இருக்கிற மட்டமேதான். அதனால சேனல் திறந்தாலும் கிராஃப்ல பெருசா ஒண்ணும் தெரியாது, ஆனா பக்கத்துல குளுட்டமேட் சிக்னல் வரும்போதுதான் அது ஒழுகிப்போறது தெரியும். இதுக்கு ஷன்ட்டிங் இன்ஹிபிஷன்னு பேரு.

மடையோட அடிமட்டம் இன்னும் தாழ்வா இருந்தா, திறந்ததும் நிக்கிற தண்ணியும் இறங்கும், அது ஹைப்பர்போலரைசேஷன். பொட்டாசியம் சேனல் இந்த ரகம், அதோட மட்டம் மைனஸ் 90 பக்கம்.

மடை எங்க இருக்குங்கிறதும் முக்கியம். தண்ணி வழியப்போற இடத்துக்குப் பக்கத்துலயே மடை இருந்தா எந்த வாய்க்கால்ல இருந்து தண்ணி வந்தாலும் பிடிச்சிரும். அதனாலதான் மூளையில தடுக்கிற சினாப்ஸ் (ரெண்டு நியூரான் சந்திக்கிற இடம்) நிறைய செல்லோட உடம்புலயும் சிக்னல வெளிய கொண்டு போற ஆக்ஸான் ஆரம்பிக்கிற இடத்துலயும் போயி உக்காந்திருக்கு, தூண்டுற சினாப்ஸ் பெரும்பாலும் தூரத்துல, சிக்னல வாங்குற டென்ட்ரைட் கிளையில கிடக்கு. பெரிய மூளைப் பட்டையில அஞ்சு நியூரானுக்கு ஒண்ணுதான் தடுக்கிற ஜாதி, ஆனா இடம் பாத்து உக்காந்து மீதி நாலையும் அடக்கிருது.

காபா, கிளைசின் ரெண்டும் ஒண்ணா?

வேற வேற. மூளையில காபா ராஜ்யம், தண்டுவடத்துலயும் மூளைத்தண்டுலயும் கிளைசினுக்கு பெரிய பங்கு. கிளைசின் சாதாரண அமினோ அமிலம்தான், நம்ம புரோட்டீன்ல எல்லாம் இருக்கிறது. காபா கதை சுவாரஸ்யம்: தூண்டுற வேலைய செய்யுற அதே குளுட்டமேட்ல இருந்து ஒரு கார்பன் துண்ட உருவிட்டா அது காபா ஆயிரும். உருவுற என்சைம் பேரு ஜிஏடி, அதுக்கு வைட்டமின் பி6 இல்லாம கை ஓடாது. டிபிக்கு ஐஎன்ஹெச் (ஐசோனியசிட்) மாத்திரை குடுக்கும்போது கூட பி6 குடுக்காங்களே, அது முக்கியமா கைகால் மரத்துப் போகாம இருக்க, ஆனா ஐஎன்ஹெச் ஓவர்டோஸ் ஆனா பி6 தீந்து காபா குறைஞ்சு வலிப்பே வந்திரும், அதுக்கு வைத்தியமும் பி6 ஊசிதான். வார்டுல வேலை பாக்கப் போறவங்க இத மறக்காதீங்க.

மூளையில காபா இருக்குன்னு 1950ல தெரிஞ்சாச்சு, ஆனா அது தடுக்கிற டிரான்ஸ்மிட்டர், அதாவது நரம்புங்க பேசிக்கிற கெமிக்கல்னு ஒத்துக்கிடவே ரொம்ப வருஷம் ஆச்சு. வேலை முடிஞ்ச காபாவ, அசிட்டைல்கோலின்ங்கிற இன்னொரு டிரான்ஸ்மிட்டர் மாதிரி அங்கயே வெட்டிப் போடுற என்சைம் கிடையாது, பக்கத்து செல்லுங்க திரும்ப உறிஞ்சிக்கிடும்.

காபா-ஏ, காபா-பி என்ன வித்தியாசம்?

ரெண்டும் காபா வந்து ஒட்டுற ரிசெப்டர், அதாவது வாங்குற புரோட்டீன். காபா-ஏ அதுவே சேனல், அஞ்சு துண்டு சேந்து நடுவுல ஓட்டை, காபா ஒட்டுனதும் குளோரைடு ஓடும், வேகம். காபா-பி சேனல் இல்ல, ஜி புரோட்டீன் வழியா சுத்தி வளைச்சு பொட்டாசியம் சேனலத் திறக்கும், அனுப்புற நுனியில கால்சியத்தக் குறைக்கும், மெதுவா வந்து நூத்துக்கணக்கான மில்லிசெகண்டு நிக்கும். பக்கவாதம், முதுகுத்தண்டு அடிபட்ட ஆளுங்களுக்கு விறைப்பு குறைய பேக்லோஃபென் குடுக்கிறது இந்த காபா-பி மேல. பிசியோ பிள்ளைங்க அந்த பேர தினம் கேப்பீங்க.

அப்போ காபான்னாலே தடுப்பு, அசிட்டைல்கோலின்னாலே தூண்டல், சரியா?

தப்பு. கெமிக்கலுக்கு குணம் கிடையாது, ரிசெப்டருக்குத்தான். அசிட்டைல்கோலின் கைத்தசையச் சுருக்கும், அதே அசிட்டைல்கோலின் இதயத்துல பொட்டாசியம் சேனலத் திறந்து துடிப்பக் குறைக்கும். இத 1921ல ஆட்டோ லோவி தவள இதயத்த வச்சுக் காட்டினாரு, ஒரு இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்ப தூண்டி துடிப்பு குறைஞ்சதும் அந்த இதயத்துல இருந்த தண்ணிய எடுத்து இன்னொரு இதயத்துல ஊத்தினா அதுவும் குறைஞ்சுது. அந்த ஐடியா ராத்திரி கனவுல வந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. ஆக, நரம்பு கெமிக்கல் மூலமா பேசுதுன்னு காட்டுன அந்தப் பரிசோதனையே ஒரு தடுப்புப் பரிசோதனைதான்.

காபாவுக்கே வாங்க. நம்ம வயல் கணக்குல மடைக்கு அந்தப் பக்கம் வடிகால்ல தண்ணி வயல விட உசந்து நின்னா என்ன ஆகும், மடையத் திறந்தா தண்ணி உள்ளதான் ஏறும். வளர்ற பருவத்துல இருக்கிற நியூரானுக்கு நிலைமை அதான். கேசிசி2ன்னு குளோரைட வெளிய தள்ளுற டிரான்ஸ்போர்ட்டர் புரோட்டீன் அப்ப சரியா வேலைக்கு வந்திருக்காது, உள்ள இழுக்கிற என்கேசிசி1 மட்டும் மும்முரமா ஓடும், உள்ள குளோரைடு நிறைஞ்சு கிடக்கும், காபா வந்தா குளோரைடு வெளிய ஓடி வோல்டேஜ் ஏறும். பிறக்குறதுக்கு முன்னயும் எலிக்குட்டிங்க பிறந்த முதல் சில நாளும் இப்படித்தான். பச்சப்பிள்ளைக்கு வர்ற வலிப்புக்கு பெரியவங்க மருந்து சில நேரம் ஒழுங்கா கேக்காததுக்கு இதையும் ஒரு காரணமா சொல்றாங்க.

எட்டிக்காய் தின்னவங்க உடம்பு ஏன் வில்லு மாதிரி வளையுது?

எட்டி மரம், மலையாளத்துல காஞ்ஞிரம், நம்ம மலையடிவாரத்துல தாராளமா நிக்குது. அதோட கொட்டையில இருக்கிற ஸ்ட்ரிக்னின் கிளைசின் ரிசெப்டர்ல போயி உக்காந்து கிளைசின ஒட்ட விடாது. முதல் கேள்வியில சொன்னேன்ல, பின்தொடைய அடக்கி வைக்கிற சின்ன நியூரான், அது கத்தினாலும் இப்ப கேக்க ஆள் இல்ல. முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்துல முழு பலத்தோட இழுக்கும், முதுகுப்பக்கத் தசை பலம் அதிகம்ங்கிறதால உடம்பு பின்னால வளையும். ஒரு சத்தம் கேட்டா, யாராச்சும் தொட்டா அடுத்த இழுப்பு வரும். கொடுமை என்னன்னா மூளைக்கு ஒண்ணும் ஆகாது, அந்த ஆளுக்கு முழு நினைவும் இருக்கும். கடைசியில மூச்சுத் தசையும் இறுகிப்போயி சாவு. சித்த வைத்தியத்துல சுத்திகரிச்சு மருந்துல சேக்காங்கன்னு சொல்லிட்டு வீட்டுல யாரும் அத உரசிப் பாக்க வேண்டாம்.

ரண ஜன்னியிலயும் (டெட்டனஸ்) இப்படித்தானே வளையுது?

ஆமா, முடிவு ஒண்ணு, வழி வேற. ஸ்ட்ரிக்னின் வாங்குற பக்கத்த அடைக்குது, டெட்டனஸ் விஷம் அனுப்புற பக்கத்த. புண்ணுல இருந்து அந்த விஷம் மோட்டார் நரம்பு வழியா மேல்நோக்கி ஏறி தண்டுவடத்துக்குப் போயி, அங்க தடுக்கிற நியூரானுக்குள்ள தாவி, குட்டிப் பை சவ்வோட ஒட்டுறதுக்கு வேணும்ங்கிற சினாப்டோபிரெவின்னு ஒரு புரோட்டீன வெட்டிப் போட்டுரும். பை நிறைய கிளைசினும் காபாவும் இருக்கும், வெளிய வராது. முதல்ல தாடை பூட்டிக்கிடும், அப்புறம் கழுத்து, முதுகு.

துருப்பிடிச்ச ஆணி குத்தினாத்தான் வரும்னு ஒரு நம்பிக்கை, எங்க தெருவுல ஒரு ஆச்சி மண்வெட்டி வெட்டுன காலுக்கு சாணியும் மஞ்சளும் அப்பிட்டு "ஆணி இல்லல்லா, ஊசி எதுக்குடீ"ன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தாங்க. கிருமி துருவுல இல்ல ஆச்சி, மண்ணுலயும் சாணியிலயும்தான் இருக்குன்னு சொல்லி இழுத்துட்டுப் போயி ஊசி போட்டோம். நரம்புக்குள்ள ஏறிட்ட விஷத்த எந்த மருந்தாலயும் திரும்ப எடுக்க முடியாது, புதுசா முனை வளந்து சரியாக வாரக்கணக்கா ஆகும், அதனால ஊசிய முன்னாடியே போடணும்.

எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தும் இதுல வருமா?

வரும். காக்காய்க்கொல்லி விதைன்னு ஒண்ணு உண்டு, மீன் மயங்குறதுக்கு தண்ணியில கலக்குவாங்க, அதுல இருக்கிற பிக்ரோடாக்சின் காபா-ஏ சேனலோட ஓட்டையவே அடைச்சிரும். எண்டோசல்ஃபானும் அந்த குளோரைடு ஓட்டையத்தான் அடைக்குது, பூச்சி துடிதுடிச்சு சாவறதும், அந்த மருந்த குடிச்ச ஆளுக்கு வலிப்பு வர்றதும் அதனாலதான். காசர்கோட்டுல முந்திரித் தோட்டத்துக்கு ஹெலிகாப்டர்ல தெளிச்சது மலையாளப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, 2011ல சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்க நிறுத்தச் சொல்லுச்சு. ஆனா அங்க பிள்ளைங்களுக்கு வந்த எல்லாக் கோளாறையும் இந்த ஒரு ஓட்டைய வச்சே விளக்கிரலாம்னு பரீட்சையில எழுதிராதீங்க, வலிப்புக்கு மட்டும்தான் இந்த விளக்கம் நேரா பொருந்தும்.

தூக்க மாத்திரையும் சரக்கும் ஒண்ணா எடுத்தா ஏன் உசுருக்கே ஆபத்து?

டயசிபாம் மாதிரி மாத்திரை காபா-ஏ சேனல் அடிக்கடி திறக்க உதவும், ஆனா காபா இருந்தாத்தான், தானா திறக்காது. பழைய பார்பிட்டுரேட் மருந்து திறந்த சேனல ரொம்ப நேரம் திறந்தே வைக்கும், டோஸ் கூடினா காபா இல்லாமலே திறக்கும், அதனாலதான் அது கொல்லும். சரக்கும் அதே சேனலுக்குத்தான் ஒத்தாசை பண்ணும், கூடவே குளுட்டமேட்டையும் அமுக்கும். ரெண்டையும் சேத்தா மூச்சு விடச் சொல்ற மூளைப்பகுதியும் அமுங்கிரும்.

நம்ம பக்கம் கள்ளுக்குத் தடை, மலையேறினா கேரளாவுல ஷாப்புல கிடைக்கும், ரெண்டு பக்கமும் குடிக்கிறவங்க இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஆட்டோ அண்ணாச்சி ஒருத்தர் பல வருஷம் தினம் குடிச்சவரு, பொண்ணு கல்யாணத்துக்காக ஒரே நாள்ல நிறுத்திட்டாரு. மறுநாள் காலையில டீக்கிளாஸ ரெண்டு கையால பிடிச்சும் பாதி டீ சட்டையில, அன்னைக்கு ராத்திரி வலிப்பு. வருஷக்கணக்கா வெளிய இருந்து தடுப்பு வந்துட்டே இருந்ததால மூளை தன்னோட காபா ரிசெப்டர மந்தமாக்கி குளுட்டமேட் பக்கத்த ஏத்தி வச்சிருக்கும், திடீர்னு சரக்க எடுத்துட்டா பிரேக் இல்லாத வண்டி. நிறுத்தணும், ஆனா டாக்டர வச்சு நிறுத்தணும். ஆஸ்பத்திரியில அவருக்குக் குடுத்ததும் டயசிபாம் வகைதான்.

நரம்புவலிக்குக் குடுக்கிற கேபாபென்டின் பேருலயே காபா இருக்கே?

பேருல மட்டும்தான். காபா மாதிரி செஞ்ச மூலக்கூறு, ஆனா காபா ரிசெப்டர்ல ஒட்டாது, கால்சியம் சேனலோட ஒரு துண்டுல ஒட்டும். வருஷா வருஷம் பத்து பேராவது இதுல விழுவாங்க.

ஆன்லைன்ல காபா பவுடர் விக்கிறாங்க, தூக்கம் வருமாம், வாங்கலாமா?

வாயில போட்ட காபா ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள சரியா நுழையாது, தடுப்புச்சுவர் இருக்கு. அந்தக் காசுக்கு குற்றாலத்துல எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வாங்க, நல்லா தூக்கம் வரும்.

இடிச்ச இடத்தத் தேச்சா ஏன் வலி குறையுது?

புளியரை எஸ் வளைவுல பஸ் திரும்பும்போது கம்பியில முழங்கால் இடிச்சா கை தானா போயி தேய்க்கும்லா. தொடு உணர்வு கொண்டு போற தடிச்ச நரம்பு தண்டுவடத்துல இருக்கிற தடுக்கிற நியூரான எழுப்பும், அது வலி நரம்போட சிக்னல் மேல ஏறுறதக் குறைக்கும். மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965ல இத கேட் கன்ட்ரோல் தியரின்னு சொன்னாங்க. அவங்க வரைஞ்ச சர்க்யூட் அப்படியே சரியில்லன்னு பின்னால தெரிஞ்சுது, ஆனா தண்டுவடத்துல வலிய வடிகட்டுற தடுப்பு இருக்குங்கிறது நின்னுச்சு.

தடுக்கிறவனையே தடுத்தா?

தூண்டுன மாதிரி ஆயிரும், டிஸ்இன்ஹிபிஷன். செக்போஸ்ட் கம்பு எப்பவும் இறங்கியே இருக்குன்னு வச்சுக்கிடுங்க, வண்டி போறதுக்கு யாரும் வண்டியத் தள்ள வேண்டாம், கம்பப் பிடிச்சிருக்கிறவன விடச் சொன்னா போதும். மூளைக்குள்ள குளோபஸ் பாலிடஸ்னு ஒரு பகுதி, பட்டைக்கு சிக்னல் அனுப்புற தலாமஸ்ங்கிற பகுதிய ஓயாம காபாவால அமுக்கிட்டே இருக்கும். கை அசையணும்னா ஸ்ட்ரையேட்டம்ங்கிற இன்னொரு பகுதி அந்த பாலிடஸ அமுக்கும், அதுவும் காபாவாலதான். பார்க்கின்சன் நோயில டோபமின்ங்கிற கெமிக்கல் குறையும்போது கம்பு இறங்கினது இறங்கினபடி கிடக்கும், அசைவு ஆரம்பிக்கவே பாடாப் படுவாங்க. சிறுமூளைய விட்டுராதீங்க, அதோட பட்டையில இருந்து வெளிய போற ஒரே நியூரான் புர்கின்ஜி, அது முழுக்க முழுக்க தடுக்கிற ஜாதி.

வலிப்புன்னா தடுப்பு போயிருச்சுன்னு அர்த்தமா? யாருக்காச்சும் வந்தா என்ன செய்ய?

எல்லா வலிப்பும் காபா குறைஞ்சதால வர்றதில்ல, சோடியம் சேனல் கோளாறு, பழைய தழும்பு, கட்டின்னு பல காரணம். ஆனா வலிப்பு பரவுற நேரத்துல சுத்தி இருக்கிற தடுக்கிற நியூரான் தாக்குப் பிடிக்க முடியாம தோத்துப் போகுது, அதனாலதான் ஓடுற வலிப்ப நிறுத்த லோராசிபாம், மிடசோலம்னு காபா-ஏக்கு ஒத்தாசை பண்ற மருந்தையே முதல்ல எடுக்காங்க.

வந்துட்டா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, கழுத்துப் பட்டன லூஸ் பண்ணுங்க, தலைக்குக் கீழ துண்டு வைங்க, வாயில ஸ்பூன், தண்ணி ஒண்ணும் வேண்டாம், கைகாலப் பிடிச்சு அமுக்கவும் வேண்டாம். அஞ்சு நிமிஷம் தாண்டினா, இல்ல நின்னு மறுபடி வந்தா, 108. பஸ் ஸ்டாண்டுல எப்படியும் ஒருத்தர் சாவிக்கொத்தோட ஓடி வந்து கையில திணிப்பாரு, வாங்கி பாக்கெட்ல போட்டுட்டு வாட்ச்சப் பாத்துட்டே இருங்க.